வாலில் முளைத்த கண்கள்

கல்யாணத்துக்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள், சனிக்கிழமை காலைகளில் தன்னை எங்கும் கூப்பிடக் கூடாது என்று. அன்றைக்குத்தான் புழுக்களுக்குச் சாப்பாடு போடுவாளாம்.

நான் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து குர்காவ்ன் மென்பொருள் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்கு வந்தவன். அவள் தில்லியிலேயே பிறந்தவள். மத்திய அரசு அதிகாரியின் மகள், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, தெற்கு தில்லியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உயிரியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவள் வீட்டில் திருநெல்வேலிச் சைவம். முட்டைகூட வாசற்படி தாண்டியதில்லை. அப்படிப்பட்ட பெண் வாராவாரம் ஆட்டு ஈரலை அரைத்துப் புழுக்களுக்கு ஊட்டுகிறாள் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத. ஒரு தடவை வந்து பாரு, அப்புறம் பேசு," என்றாள்.

போனேன். கண்ணாடித் தட்டில் கொஞ்சம் தண்ணீர். அதன் அடியில் பழுப்பு நிறத்தில், விரல் நகத்தின் நீளம்கூட இல்லாத ஒன்று வழுக்கிக்கொண்டு போனது. இலைத் துணுக்கு மாதிரி தட்டையான உடம்பு, அம்பு முனை போலத் தலை, தலையின் மேல் இரண்டு கண்கள். இரண்டும் மூக்கைப் பார்க்கிற மாறுகண்கள். அதைக் குளிரவைத்த காகிதத்தின் மேல் எடுத்துப் போட்டாள். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் பிளேடால் குறுக்கே வெட்டிவிட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ரெண்டு வாரம் கழிச்சு வா," என்றாள்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது தட்டில் இரண்டு முழுப் புழுக்கள் இருந்தன. தலைத்துண்டு ஒரு வாலை வளர்த்துக்கொண்டிருந்தது. வால்துண்டோ ஒரு தலையையே வளர்த்துக்கொண்டு, அதே மாறுகண்ணால் என்னைப் பார்த்தது. ஒரு தலை, உள்ளே மூளை எல்லாம் சேர்த்து, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வந்திருந்தது. அன்று கேன்டீனில் டீ ஆறிப்போகும் வரை கேள்வி கேட்டேன்.

"தலை எங்க முளைக்கணும், வால் எங்க முளைக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அச்சா! அதுதான் கேள்வியே," என்று கையைத் தட்டினாள். அவள் என்னைக் கல்யாணம் செய்துகொள்வாள் என்ற நம்பிக்கை எனக்கு அந்த நிமிடம்தான் வந்தது.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். தட்டைப்புழுவின் உடம்பு முழுக்க ஸ்டெம் செல்கள் பரவிக் கிடக்கின்றன. அந்த உடம்பில் பிரிந்து பெருகக்கூடியவை அவை மட்டுமே. தோல், குடல், மூளை என்று மற்ற செல்களெல்லாம் தங்கள் காலம் முடிந்ததும் செத்துப்போகும். அந்த இடத்தை ஸ்டெம் செல்களின் பிள்ளைகள் வந்து நிரப்பும். வெட்டாமல் சும்மா விட்டாலும் இந்த வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஸ்டெம் செல்களைக் கதிர்வீச்சால் அழித்துவிட்டால் புழு சில வாரங்களுக்கு மேல் தாங்காது, பழையவை போகப் போக, புதியவை வராமல் தேய்ந்தே போய்விடும்.

ஆனால் ஸ்டெம் செல்லுக்குத் தான் என்னவாக வேண்டும் என்று தானாகத் தெரியாது. அக்கம்பக்கத்திலிருந்து சேதி வர வேண்டும். தோலுக்குக் கீழே இருக்கிற தசைச் செல்கள்தாம் சேதி அனுப்புகின்றன. வால் பக்கத்தில் ஒருவகைச் சேதி அடர்த்தியாக இருக்கும், தலையை நோக்கிப் போகப் போக நீர்த்துவிடும். அது எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை வைத்து செல்கள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்கின்றன.

"அந்தச் சேதியை நிறுத்திட்டா?"

"வால் வர வேண்டிய இடத்துல தலை வரும். இது ஏற்கெனவே மத்தவங்க கண்டுபிடிச்சது. வெட்டாத புழுவுக்கும் அப்படித்தான். 'இது வால், இது வால்'னு பின்பக்கம் சொல்லிட்டே இருக்கணும். நிறுத்தினா கொஞ்ச நாள்ல அங்கயும் தலை முளைக்க ஆரம்பிச்சுரும்."

அவளுடைய சொந்தக் கேள்வி இதிலிருந்து கிளைத்தது. சேதி செல்லின் வாசலுக்குத்தான் வருகிறது. அங்கிருந்து உள்ளே மரபணுக்கள் இருக்கும் இடம் வரை அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோகப் பல புரதங்கள் இருக்கின்றன. அந்த வரிசையில் யாரும் கவனிக்காத ஒரு புரதமும் நிற்கிறது என்று அவள் சந்தேகப்பட்டாள். அதை உண்டாக்கும் மரபணுவின் வாயை அடைத்துவிட வேண்டும். வாலில் தலை முளைத்தால் அவள் சந்தேகம் சரி. வாயை அடைக்கும் வழியும் விநோதமானதுதான். அந்த மரபணுவுக்குப் பொருந்துகிற ஆர்.என்.ஏ. இழைகளைத் தயாரித்து, ஈரல் கூழில் கலந்து ஊட்டிவிட்டால் போதும், தின்ற புழுவின் உடம்பு முழுக்க அந்த மரபணு அடங்கிவிடும். தின்றதா இல்லையா என்று தெரிய கூழில் கொஞ்சம் சிவப்புச் சாயம் கலப்பார்கள்.

ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஒரு வங்காளிப் பெண்மணி. அவருக்கு இந்தச் சந்தேகத்தில் நம்பிக்கை இல்லை. "எனக்குத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றினால் செய்து பார்," என்று சொல்லிவிட்டார். முதல் முறை புழுக்கள் கூழைத் தொடவே இல்லை. இரண்டாம் முறை தண்ணீரில் ஏதோ கிருமி பரவி மொத்தமும் கரைந்துபோனது. அதற்குள் எங்களுக்குக் கல்யாணமாகி, முனிர்க்காவில் வாடகைக்கு வீடு எடுத்து, அவள் கர்ப்பமாகவும் ஆகிவிட்டாள்.

மசக்கையில் அவளுக்குப் பிடிக்காமல் போன முதல் பொருள் ஈரல். வாடை பட்டாலே குமட்டிக்கொண்டு வந்தது. அதனால் ஈரல் வாங்கும் வேலை என்னிடம் வந்தது. ஊரில் ஈரல் வறுவலுக்கு அண்ணனோடு சண்டை போட்டவன் நான். எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒரு கறிக்கடைக்காரர். இந்தியில் அண்ணனைப் பையா என்பார்கள், ஈரலைக் கலேஜி என்பார்கள். "பையா, கலேஜி ஃப்ரெஷ்ஷா வேணும்," என்று நான் வாரம் தவறாமல் போய் நின்றதும் அவருக்குக் கவலை வந்துவிட்டது.

"வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை? ரத்தம் கம்மியா?" என்று இந்தியில் கேட்டார்.

"யாருக்கும் இல்லை. புழுவுக்கு."

கத்தியை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, கொழுப்பும் சவ்வும் இல்லாத நல்ல துண்டாகத் தேடிக் கொடுக்க ஆரம்பித்தார். "உங்கள் புழுக்களெல்லாம் சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுத்தான் பொட்டலம் கட்டுவார்.

மூன்றாவது முயற்சி ஜூன் மாதத்தில் ஆரம்பித்தது. சில தடவை ஊட்டியாகிவிட்டது, இன்னும் ஊட்ட வேண்டும். அந்த நேரத்தில் ஆய்வுக்கூடக் கட்டிடத்தின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது. ஜெனரேட்டர் உறைபெட்டிகளுக்கு மட்டும்தான் தாங்கியது. புழுக்களைக் குளிரில் வைத்திருந்த இன்குபேட்டர் நின்றுவிட்டது. வெளியே ஜூன் மாதத்து தில்லி. அந்தப் புழுக்கள் நல்ல குளிர்ச்சியில் மட்டும் சுகமாக இருப்பவை; நம் அறைச் சூடு அவற்றுக்கு ஆகாது.

அலுவலகத்தில் இருந்தபோது போன் வந்தது. "சுனோ, சொல்றதக் கேளு, காரை எடுத்துட்டு ஜல்தி வா. வழியில தெர்மோகோல் பெட்டியும் ஐஸும் வாங்கிக்கோ. புழுவ நம்ம வீட்டுக்கே எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க மேடம்."

எங்கள் வீட்டில் ஏசி இருந்தது ஒரே ஒரு அறையில். அந்த அறையில் என் மாமியார் இருந்தார். மகளைப் பார்த்துக்கொள்வதற்காக மயூர் விஹாரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் தில்லியில் இருந்தும் அவர் பேச்சில் திருநெல்வேலி ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை.

"ஏட்டி, பெட்டிக்குள்ள என்னத்தக் கொண்டு வார?"

"புழும்மா."

"புழுவா? வயித்துப்பிள்ளைக்காரி தூக்கிச் சொமக்குறது புழுவையா? மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"நான்தானுங்க அத்தை தூக்கிட்டு வந்தேன்," என்றேன். அது சமாதானம் ஆகாது என்று எனக்கே தெரிந்தது.

தட்டுகளை அவர் அறையின் அலமாரியில் அடுக்கிவைத்தோம். வெளிச்சம் பிடிக்காது என்பதால் மேலே கறுப்புத் துணி. ஏசியில் குளிரை முடிந்த மட்டும் கூட்டினோம். அந்த வெயிலில் தில்லியில் ஸ்வெட்டரும் போட்டு, ரஜாய் என்கிற பஞ்சுப்போர்வையும் போர்த்திக்கொண்டு படுத்தவர் என் மாமியார் ஒருவராகத்தான் இருக்கும். ஹாலில் கூலரோடு படுத்துக்கொள்ளுங்கள் என்று எவ்வளவோ சொன்னோம். "கரண்டு போனா ஐஸு வைக்க ஆள் வேண்டாமா?" என்று மறுத்துவிட்டார். மதியங்களில் கரண்ட் போகத்தான் செய்தது. நாங்கள் போன் செய்து நினைவுபடுத்துவதற்கு முன்பே அவர் ஐஸ் பைகளைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்.

சிக்கல் ஈரலில் வந்தது. அடுத்த ஊட்டலுக்கான கூழ் ஆய்வுக்கூட உறைபெட்டியில் இருந்தது. நான் போய் அந்தச் சின்னக் குப்பிகளை ஐஸில் வைத்து எடுத்துவந்தேன். மாமியார் சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் குப்பிகளோடு நேராகப் பால்கனிக்குப் போனேன்.

"அது என்ன மாப்பிள்ளை?"

சொன்னேன். அவர் கை நின்றது. கீரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்க வைக்கப் போறிய?"

"பால்கனியிலயே வெச்சுக்கறனுங்க அத்தை. ஐஸ் இருக்குது."

"இந்த வெயில்லயா? கெட்டுப் போயிராதா?" கையிலிருந்த கீரையைத் தட்டில் போட்டார். பிறகு எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தார். "மேல உறையற தட்டுல வைங்க. தேங்காத் துருவல நான் கீழ எடுத்து வச்சுக்கிடுதேன். அவ வேலை நிக்கக் கூடாதுல்லா."

அன்று நான்தான் ஊட்டினேன். என் மனைவி மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு வாசல்நிலையில் நின்று சொல்லச் சொல்ல, சிவப்புக் கூழை ஒரு சொட்டு தட்டின் நடுவில் விட்டேன். மாமியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்றார். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் புழுக்கள் வழுக்கிக்கொண்டு வந்து கூழின் மேல் படர்ந்தன. ஒவ்வொன்றின் வயிற்றின் நடுவிலிருந்தும் வெள்ளைக் குழல் ஒன்று நீண்டு உறிஞ்சத் தொடங்கியது. உடம்பின் உள்ளே கிளைகிளையாகச் சிவப்பு ஏறியது.

"வாய் எங்கட்டி இருக்கு இதுக்கு?"

"வயித்துலம்மா. நடு வயித்துல."

"நல்ல கூத்துதான்," என்றார். அப்புறம், "எதுக்கு ரெண்டு வரிசைத் தட்டு?"

ஒரு வரிசைக்கு அந்த மரபணுவை அடக்கும் கூழ்; இன்னொரு வரிசைக்குப் புழுவுக்குச் சம்பந்தமில்லாத இழை கலந்த கூழ். இரண்டையும் ஒப்பிட்டால்தான் மாற்றம் எதனால் வந்தது என்று சொல்ல முடியும். மனைவி விளக்கியதும் மாமியார் தலையாட்டினார். "அப்ப இவங்க மருந்து குடிக்கவங்க, அவங்க சும்மா வந்து படுத்திருக்கவங்க," என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த இரண்டு கூட்டத்துக்கும் அதுதான் பெயர்.

ஊட்டல் முடிந்து காத்திருக்கும் நாட்கள் வந்தன. ஒரு புழுவைக்கூட வெட்டவில்லை. தானாக நடக்கிற புதுப்பித்தலில் வால் தன்னை வால் என்று மறக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் திட்டம். தினமும் காலையில் லென்ஸும் கையுமாகத் தட்டுகளின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். எழுந்து வரும்போது உதட்டைப் பிதுக்குவாள். நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

ஒரு நாள் காலை நான் காபி போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. "இங்க வா. எதுவும் கேட்காத. வந்து பாரு, என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லு."

லென்ஸை என் கையில் கொடுத்தாள். மருந்து குடிக்கிறவர்களில் ஒன்று. வால் நுனி கூர்மையாக இல்லாமல் கொஞ்சம் மழுங்கியிருந்தது. அங்கே ஊசியால் குத்திய மாதிரி கறுப்பாக ஏதோ.

"ரெண்டு புள்ளி," என்றேன். "பக்கத்துப் பக்கத்துல."

"எந்தப் பக்கம்? சரியா சொல்லு."

"வால் பக்கம்."

அவள் அப்படியே அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, பெரிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர். ரஜாய்க்குள்ளிருந்து மாமியார் பதறி எழுந்தார். "என்னட்டி ஆச்சு? வலிக்கா?"

"இல்லம்மா. வால்ல கண்ணு வந்துருக்கு."

மாமியார் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் கண்ணுக்குப் பார்வை தெரியுமா?"

"இப்பத்தான வந்துருக்கு. உள்ள மூளையும் சேர்ந்து வளரணும். கொஞ்ச நாள் போகட்டும்மா."

கொஞ்ச நாள் போனது. இன்னும் பல புழுக்களின் வாலில் கண்கள் தெரிந்தன. சும்மா படுத்திருந்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. முதல் புழுவின் வாலில் இப்போது முழுத் தலையே இருந்தது. மாமியார் டார்ச்சை அந்தப் பக்கம் மட்டும் அடித்தார். வெளிச்சம் பட்டதும் வாலிலிருந்த தலை சுருங்கித் திரும்பிக்கொண்டது. "தெரியுதுட்டி!" என்று அவர் கத்தியது கீழ்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

தலைவருக்குப் படங்கள் போயின. அவர் உடனே போனில் கூப்பிட்டார். "மிக அழகு. ஆனால் இதைக் கட்டுரையில் எழுத முடியாது," என்றார். வீட்டு ஏசியில் குளிர் ஏறி இறங்கியிருக்கிறது, கரண்ட் போயிருக்கிறது. ஒழுங்கான நிலைமையில் திரும்பச் செய்தால்தான் ஏற்றுக்கொள்ள முடியும். என் மனைவி அன்று மாலை முழுக்கப் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள். மறுநாள் காலை, "அவங்க சொல்றது சரிதான். நான் அவங்க இடத்துல இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன்," என்று கிளம்பிப் போனாள். இன்குபேட்டர் அதற்குள் சரியாகிவிட்டது. புழுக்களும் கூடவே போயின. மாமியார் ரஜாயை மடித்து உள்ளே வைத்துவிட்டு, அலமாரி மொட்டையாக இருக்கிறது என்று ஓர் அம்மன் படத்தை வாங்கி வைத்தார்.

பரிசோதனையை அவள் மறுபடி ஆரம்பித்துப் பாதியில் இருக்கும்போதே எங்கள் மகள் பிறந்துவிட்டாள், டாக்டர் சொன்ன தேதிக்குக் கொஞ்சம் முன்னதாகவே. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு என் மனைவி புழுக்களைப் பற்றிக் கவலைப்பட்டாள். அப்போது தலைவரிடமிருந்து செய்தி வந்தது: "குழந்தையைப் பார். புழுக்களை நான் பார்த்துக்கொள்கிறேன்." மாணவர் யாரிடமும் ஒப்படைக்காமல் அவரே ஏப்ரன் கட்டிக்கொண்டு கூழ் கலந்து ஊட்டினார் என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

குழந்தைக்கு உள்ளங்கால் தோல் லேசாக உரிந்துகொண்டிருந்த நாட்கள் அவை. நான் பயந்தேன். "எல்லாக் குழந்தைக்கும் உரியும். கீழ புதுசு வந்தாச்சு," என்றாள். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டே சொன்னாள்: "நம்ம குடலோட உள்சுவர் சில நாளுக்கு ஒரு தடவை மொத்தமாப் புதுசாகுது, தெரியுமா? அங்க இருக்கிற ஸ்டெம் செல்லுக்கும் பக்கத்துல இருந்து சேதி வரணும். புழு வால்ல பேசற அதே வகைச் சேதிதான். அது குறைஞ்சாலும் தப்பு, அளவு மீறினாலும் தப்பு. மீறினா புற்றுநோய்ல கொண்டு விட்டுரும்." நான் அந்தக் குட்டி வயிற்றைப் பார்த்தேன். பால் குடித்த களைப்பில் அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

தலைவர் அனுப்பிய படம் குழந்தைக்குத் தொட்டில் போட்ட வாரத்தில் வந்தது. வாலில் இரண்டு கண்கள். எல்லாப் புழுக்களிலும் இல்லை, ஆனால் பாதிக்கு மேல். கீழே ஒரு வரி: "ஒப்புக்கொள்கிறேன். நீ சொன்னதுதான் சரி." அவள் படத்தை முதலில் அம்மாவிடம்தான் காட்டினாள். பிறகு தொட்டில் பக்கத்தில் தரையிலேயே படுத்து, பல மாதங்களுக்குப் பிறகு மத்தியானத்தில் நிம்மதியாகத் தூங்கினாள். கட்டுரை வெளிவர இன்னும் வெகுகாலம் ஆனது. ஆய்விதழ்க்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதி, இன்னும் சில பரிசோதனைகள் செய்து, ஒருவழியாக வந்தது. அந்தப் புரதம் செல்லுக்குள் சரியாக எந்த இடத்தில் நின்று சேதியைக் கைமாற்றுகிறது என்பது இன்னும் தெரியாது. அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் குளிர்காலத்தில் மாடிவீட்டு இளைஞன் ஒருவன் கதவைத் தட்டினான். கான்பூர்க்காரன், என்னைப் போலவே ஐ.டி. வேலை. கண்ணாடித் தொட்டியில் குட்டி இறால்கள் வளர்க்கிறான். "பாபிஜி, நீங்கள் புழு டாக்டர் என்று கேள்விப்பட்டேன்," என்று என் மனைவியை அண்ணி முறை வைத்து அழைத்து ஆரம்பித்தான். தொட்டியில் வெள்ளையாகத் தட்டைப் புழுக்கள் வந்துவிட்டனவாம்; இறால் குஞ்சுகளைத் தின்கின்றனவாம். பார்த்ததையெல்லாம் பிளேடால் துண்டு துண்டாக நறுக்கியும் போட்டிருக்கிறான்.

"நறுக்கினீங்களா?" என்றாள் அவள் இந்தியில், முகத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டு.

"எல்லாவற்றையும். இப்போது இன்னும் அதிகமாகிவிட்டன."

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் ஒன்றும் புரியாமல் விழித்தான். அவனை உட்காரவைத்து, டீ கொடுத்து, ஒரு துண்டு இறாலைச் சின்னக் குழாயில் போட்டுத் தொட்டியில் இறக்கி, உள்ளே புகுந்த புழுக்களை மொத்தமாக எடுக்கும் வழியைச் சொல்லி அனுப்பினாள். அடுத்த நாள் அவன் பாட்டில் நிறையப் புழுக்களோடு வந்தான். பால்கனி வெயிலில் பாட்டிலை வைத்துக்கொண்டு அவள் லென்ஸால் பார்த்தாள். மகள் ஸ்டூலைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் ஏறி நின்றாள்.

"அம்மா, முஜே பி! எனக்கும் காட்டு."

"காட்டறேன், இரு. இது வேற ஜாதிடி. நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல."

அவள் குரலில் இருந்த குஷியைக் கேட்டதும், இந்தப் பாட்டில் திரும்ப மாடிக்குப் போகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு தலைகளும் பாட்டிலின் மேல் குனிந்திருக்க, நான் தோசைக்கல்லை அடுப்பில் போட்டேன்.